மாலை நான்கு மணிக்குப் பிறகு: புதுவைச் சிறார்களும் குற்றத்தின் வழிகளும்

சிறார் குற்றம் என்றதும் தாய் தகப்பன் இல்லாமல், வீடு வாசல் இல்லாமல் தெருவில் திரியும் ஒரு சிறுவனே பலர் மனத்தில் தோன்றுகிறான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் இதற்கு மாறான படத்தைத் தருகின்றன. 2022-இல் இந்தியாவில் சிறார்கள் மீது 30,555 வழக்குகள் பதிவாயின. பிடிபட்டவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் 16 வயதைத் தாண்டி 18-ஐ எட்டாதவர்கள். ஆண்டுதோறும் பிடிபடும் சிறார்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெற்றோருடன் வசிப்பவர்கள். வீடற்றவர்கள் மிகச் சிறிய பகுதிதான். எனவே பையனுக்குக் குடும்பம் இருக்கிறதா என்று கேட்பதில் பயன் குறைவு. அந்தக் குடும்பத்தால் அவனை எந்த அளவுக்குக் கவனிக்க முடிகிறது, வீட்டு வாசலைத் தாண்டினால் அவன் யார் கையில் போய்ச் சேர்கிறான் என்பவைதான் கேட்க வேண்டியவை.

இவற்றைப் பார்க்கப் புதுச்சேரி நகரம் பொருத்தமான இடம். புதுச்சேரி, உழவர்கரை ஆகிய இரண்டு நகராட்சிகளிலும் சேர்த்து 2011 கணக்கெடுப்பின்படி ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் வசிக்கிறார்கள். பெருநகரங்களில் பல கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் செல்வமும் வறுமையும் இங்கே நடந்துபோகும் தொலைவில் இருக்கின்றன.

நகரம் அமைந்த விதம்

பிரெஞ்சுக்காரர்கள் வகுத்த நகரம் நான்கு புல்வார் சாலைகளுக்குள் முட்டை வடிவில் அடங்கியது. கடலை ஒட்டி வெள்ளையர் நகரம், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் தெருக்கள் என்று அது இரண்டாகப் பிரிந்திருந்தது. உழைக்கும் மக்களில் பெரும்பகுதியினர் இந்த எல்லைக்கு வெளியேதான் குடியிருந்தார்கள். வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர். தெற்கே வம்பாகீரப்பாளையம், அரியாங்குப்பம் ஆற்றைத் தாண்டி வீராம்பட்டினம் என்று மீனவர் குடியிருப்புகள் வளர்ந்தன. முதலியார்பேட்டையைச் சுற்றி ஆலைத் தொழிலாளர் தெருக்கள் உருவாயின. வாய்க்கால் கரைகளிலும் புறம்போக்கிலும் குடிசைப் பகுதிகள் நெருங்கின.

இந்தத் தெருக்களின் முதுகெலும்பாகப் பல தலைமுறைகள் இருந்தது பஞ்சாலை வேலை. 1936 ஜூலை 30-இல் சவானா மில் தொழிலாளர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. வ. சுப்பையா போன்ற தலைவர்கள் கட்டிய தொழிற்சங்கம் அதன்பின் இந்தத் தெருக்களின் வாழ்க்கையில் ஒரு பகுதியாகிவிட்டது. அப்பன் வேலை பார்த்த ஆலையில் பிள்ளைக்கும் ஓர் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை, மாதம் தவறாத சம்பளம், ஷிப்டு முடிந்து ஒரே நேரத்தில் தெருவுக்குத் திரும்பும் பெரியவர்கள் எல்லாம் ஆலையோடு வந்தவை. 1898-இல் தொடங்கிய ஆலையான ஏ.எப்.டி. பல ஆண்டு நலிவுக்குப் பின் 2020-இல் அதிகாரபூர்வமாக மூடப்பட்டது. சுதேசி, பாரதி மில்களிலும் ஓட்டம் நின்றது. ஆலைச் சம்பளம் இருந்த இடத்தில் இப்போது பெயின்டிங், கொத்து வேலை, லோடு ஏற்றுவது, ஓட்டல் வேலை, வீட்டு வேலை என்று அன்றாடக் கூலி வந்திருக்கிறது. வருமானம் குறைந்தது ஒரு பக்கம். வேலை நேரம் சிதறிப்போய், மாலையில் தெருவில் இருக்க வேண்டிய பெரியவர்கள் இல்லாமல் போனது இன்னொரு பக்கம்.

வீடு செய்வதும் செய்யத் தவறுவதும்

குடும்பத்துக்கும் சிறார் குற்றத்துக்கும் உள்ள தொடர்பை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வுகளில் முக்கியமானது கேம்பிரிட்ஜ் ஆய்வு. 1961-இல் தொடங்கி, தென் லண்டனின் தொழிலாளர் பகுதியைச் சேர்ந்த 411 சிறுவர்களை எட்டு வயதிலிருந்து நடுவயது தாண்டும்வரை டொனால்டு வெஸ்ட்டும் டேவிட் ஃபாரிங்டனும் தொடர்ந்து கவனித்தார்கள். பின்னாளில் குற்றத்தில் சிக்கியவர்களின் சிறுவயதில் சில அம்சங்கள் திரும்பத் திரும்பக் காணப்பட்டன: பெற்றோரின் கவனிப்புக் குறைவு, அடி உதையோ அலட்சியமோ மாறி மாறி வரும் கண்டிப்பு, தாய் தகப்பனுக்கிடையே ஓயாத சண்டை, தண்டனை பெற்ற தகப்பன் அல்லது அண்ணன், வறுமை, பள்ளியில் பின்தங்கல். ஆறு சதவீதத்துக்கும் குறைவான குடும்பங்களே மொத்தத் தண்டனைகளில் பாதிக்குக் காரணமாக இருந்தன என்பது அதில் வெளிப்பட்ட இன்னொரு செய்தி. அதற்கு முன்பே, 1950-இல், பாஸ்டன் நகரில் குற்றம் செய்த 500 சிறுவர்களையும் செய்யாத 500 சிறுவர்களையும் ஒப்பிட்ட ஷெல்டன், எலினோர் குளூக் தம்பதியினர் இதே திசையையே சுட்டினார்கள். வறுமையைக் காட்டிலும், வறுமை வீட்டுக்குள் புகுந்து கெடுக்கும் கவனிப்பும் பாசமும் கண்டிப்பும்தான் பையனை நேரடியாகத் தொடுகின்றன.

கவனிப்பு என்பது நாள் முழுவதும் காவல் இருப்பதாகாது. பையன் எங்கே இருக்கிறான், யாருடன் இருக்கிறான், எத்தனை மணிக்கு வருவான் என்பது வீட்டில் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும். புதுவையில் கூலிக்குப் போகும் வீடுகளில் இதுவே கடினமாகிவிடுகிறது. பள்ளி நான்கு மணி வாக்கில் விடுகிறது. தாய் நாலு வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டோ, ஜவுளிக்கடையில் நின்ற காலோடோ இரவு எட்டு, ஒன்பது மணிக்குத்தான் வருகிறாள். தகப்பன் கூலியை வாங்கிக்கொண்டு சாராயக்கடை வழியாக வருகிறான். ஒற்றை அறை வீட்டில் பாட்டியும் தங்கையும் தொலைக்காட்சியும் இருக்கையில், பதினான்கு வயதுப் பையனுக்கு அங்கே உட்கார இடம் கிடையாது. இந்த நான்கைந்து மணி நேரம் தெருவுக்குச் சொந்தமாகிறது.

பையன் கை மீறிப் போகிறான் என்று தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் விழுவது அடி. அதன்பின், ‘இவன் எனக்குப் பிள்ளையே இல்லை’ என்ற கைகழுவல். இரண்டுமே அவனை வீட்டிலிருந்து தள்ளி, தெருவில் அவனை மதிக்கும் ஆட்களிடம் சேர்க்கின்றன. அடியும் இல்லாமல் அலட்சியமும் இல்லாமல், ஒரே விதமாக நடக்கும் கண்டிப்புதான் பலன் தருகிறது என்பதை இத்துறை ஆய்வுகள் தொடர்ந்து உறுதிசெய்கின்றன.

தெருவுக்கு என்ன பங்கு

ஒரே மாதிரியான இரண்டு ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் இரண்டு வெவ்வேறு தெருக்களில் வெவ்வேறாக வளர்வது ஏன் என்ற கேள்விக்குச் சிகாகோவில் விடை தேடினார்கள். கிளிஃபோர்டு ஷா, ஹென்றி மெக்கே இருவரும் பல பத்தாண்டு நீதிமன்றப் பதிவுகளை எடுத்து, சிறார்களின் வீட்டு முகவரிகளை நகர வரைபடத்தில் குறித்தார்கள். 1942-இல் வெளியான அவர்களது நூல் ஒன்றைத் தெளிவாக்கியது. ஜெர்மானியர், ஐரிஷ்காரர், இத்தாலியர், கறுப்பினத்தவர் என்று குடியிருப்போர் மாறிக்கொண்டே இருந்தாலும் சிறார் குற்றம் மிகுந்த பகுதிகள் மாறவில்லை. ஓர் இனம் அங்கிருந்து நல்ல பகுதிக்கு இடம்பெயர்ந்ததும் அந்த இனத்துப் பிள்ளைகளின் குற்றக் கணக்கும் குறைந்தது. குற்றம் ஒரு சாதியின், ஒரு கூட்டத்தின் ரத்தத்தில் ஊறியது என்று பேசுவோருக்கு அந்த வரைபடங்கள் அன்றே பதில் சொல்லிவிட்டன.

1997-இல் ராபர்ட் சாம்ப்சனும் உடன் ஆய்ந்தவர்களும் சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் சில எளிய கேள்விகளைக் கேட்டார்கள். பள்ளி நேரத்தில் தெருமுனையில் நிற்கும் பையன்களை அக்கம்பக்கத்தார் கேட்பார்களா, சுவரில் கிறுக்குவதைத் தடுப்பார்களா, ஒருவரையொருவர் நம்புவார்களா என்பவை அந்தக் கேள்விகள். ஆம் என்ற பதில் மிகுந்த பகுதிகளில், வறுமை ஒரே அளவில் இருந்தாலும், வன்முறை குறைவாக இருந்தது.

புதுவைக் கடற்கரையோர மீனவக் கிராமங்களில் இந்த அக்கறைக்கு ஒரு பழைய வடிவம் உண்டு. அது ஊர்ப் பஞ்சாயத்து. வலைத் தகராறு முதல் குடும்பச் சண்டை வரை ஊர்த் தலைவர்களான நாட்டார்கள் கூடிப் பேசுவார்கள். தப்பு செய்த பையனின் தகப்பன் ஊர் முன்னால் வந்து நிற்க வேண்டும். ஊரார் அத்தனை பேரும் சித்தப்பாவும் மாமாவுமாக இருக்கும் இடத்தில் ஒரு சிறுவன் யாருக்கும் தெரியாமல் கெட்டுப்போவது எளிதில்லை. ஆனால் இதே ஒற்றுமைக்கு மறுபக்கமும் உண்டு. 2021-இல் சுருக்குமடி வலை விவகாரத்தில் வீராம்பட்டினமும் இன்னொரு மீனவ ஊரான நல்லவாடும் மோதிக்கொண்டபோது வானை நோக்கித் துப்பாக்கியால் சுட்டுத்தான் போலீசார் கூட்டத்தைக் கலைத்தார்கள். ஊர்ப்பற்று, பக்கத்து ஊர்மீது பகையாக மாறும்போது முதலில் ஓடுபவர்கள் இளைஞர்களே.

நகரின் மற்றக் குடியிருப்புகளில் அப்படிப்பட்ட பஞ்சாயத்தும் கிடையாது. வாடகைக்கு வருவோரும் போவோருமாக, எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாத தெருக்கள் பெருகுகின்றன. தெருவிளக்கு எரியாவிட்டாலும், விளையாட்டு மைதானத்தில் இரவில் குடித்தாலும் முறையிடுவதற்கு வார்டு உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. புதுச்சேரியில் 1968-க்குப் பின் 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின் பத்தாண்டுக்கும் மேலாக மீண்டும் தேர்தல் இல்லை. தெருவின் குறை ஒரு சட்டமன்ற உறுப்பினரின் ஆளைப் பிடித்தால்தான் தீரும் என்ற நிலை வந்துவிட்டால், அந்த ஆளே தெருவின் பெரிய மனிதர் ஆகிவிடுகிறார்.

‘அண்ணன்’ வரும் வழி

இந்த வெற்றிடத்தில்தான் ‘அண்ணன்’ என்று அழைக்கப்படும் கும்பல் தலைவர் நுழைகிறார். பகைக் கும்பல்கள், பழிக்குப் பழிக் கொலைகள், நாட்டு வெடிகுண்டு வீச்சு ஆகியவை புதுவைச் செய்தித்தாள்களில் அடிக்கடி இடம்பெறுபவை. பிடிபடுவோர் பட்டியலில் 18 வயது நிரம்பாதவர்களும் இருப்பது வழக்கமாகிவிட்டது. வயது குறைந்தவனுக்குத் தண்டனையும் குறைவு என்பது பெரியவர்கள் போடும் கணக்கு.

முதல் படி மிகச் சிறியது. டீக்கடை ஓரத்தில் நிற்கும் பையனுக்கு அண்ணன் தன் வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டக் கொடுக்கிறார். பிரியாணி வாங்கித் தருகிறார். போனுக்கு ரீசார்ஜ் செய்துவிடுகிறார். பள்ளியில் யாரோ அடித்துவிட்டதாகச் சொன்னால், இரண்டு பேரை அனுப்பிக் கணக்குத் தீர்த்துவைக்கிறார். அடுத்து ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை வருகிறது. பிறகு, இன்னார் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டு வெளியே வருகிறார் என்று பார்த்துச் சொல்லும் வேலை. ஒரு நாள் ‘சம்பவம்’ நடக்கும்போது பையன் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். வழக்கில் பெயர் சேர்ந்தபின் எதிர்க் கும்பலுக்கும் அவன் குறியாகிவிடுவதால், பாதுகாப்புக்காகவே அண்ணனோடு இருக்க வேண்டியதாகிறது. வறுமையோடு சேர்ந்து, கற்றுக்கொடுக்க ஆளும் அமைப்பும் அருகில் இருக்கும் பகுதிகளில்தான் சிறார் கும்பல்கள் நிலைக்கின்றன என்று 1960-இல் ரிச்சர்டு கிளவர்டும் லாய்டு ஓலினும் எழுதியது இந்த ஏற்பாட்டைத்தான்.

பணம் மட்டும் பையனை இழுப்பதில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சு, வீட்டில் திட்டு, வெள்ளையர் நகரத்தில் வார இறுதியில் வந்திறங்கும் சுற்றுலாப் பயணிகளின் பைக்குகளும் ஷூக்களும் என்று எல்லாப் பக்கமும் தான் சிறியவன் என்று உணரும் பதினாறு வயதுக்காரனுக்கு ‘கெத்து’ பெரிய சம்பளம். தெரு அகலத்துக்குப் பிறந்தநாள் பேனர் வைத்து, பட்டாக்கத்தியால் கேக் வெட்டி, அதை ரீல்ஸாகப் போடும் பழக்கம் தமிழகத்திலும் புதுவையிலும் பல வழக்குகளுக்குக் காரணமாகியிருக்கிறது. பேனரின் கீழ் ஓரத்தில் தபால்தலை அளவில் அச்சாகும் முகங்களில் தன் முகமும் இருப்பதைப் பார்க்கும் சிறுவனுக்கு, தன்னை ஊர் கவனித்த முதல் நாள் அதுவாகவே இருக்கக்கூடும்.

சாராயமும் கஞ்சாவும்

மதுவின் விலை குறைவு, கடைகளின் நெருக்கம், அரசின் வருவாயில் கலால் வரிக்கு உள்ள இடம் ஆகியவற்றால் புதுவையில் குடி அன்றாடக் காட்சி. சாராயக்கடைகள் இங்கே சட்டப்படி ஏலம் விடப்படுகின்றன. தமிழகத்தில் மது வாங்க 21 வயது ஆக வேண்டும், இங்கே 18. குடிக்கும் தகப்பனால் வீட்டுக்குள் நிகழும் கேடு ஒன்று. குடிப்பதைச் சாதாரணமாகப் பார்த்து வளரும் பிள்ளைக்கு நேரும் கேடு இன்னொன்று.

சிறார்களிடம் பழக்கம் பெரும்பாலும் உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பொட்டலத்தில் தொடங்குகிறது. அது வாசனை காட்டாது, வகுப்பிலேயே பயன்படுத்தலாம். கஞ்சா அடுத்த கட்டம். 2024 மார்ச்சில் நகரில் ஒரு சிறுமி கொலையானபோது வெடித்த போராட்டங்களில் கஞ்சா விற்பனையைத் தடுக்கவில்லை என்பதே உரத்த குற்றச்சாட்டாக இருந்தது. பழக்கம் உள்ள பையனுக்குத் தினமும் காசு தேவை. வண்டித் திருட்டும் செல்போன் பறிப்பும் அங்கிருந்து கிளைக்கின்றன. விற்பவனே கடனுக்குக் கொடுத்து, கடனைக் கழிக்க விற்கச் சொல்வதும் உண்டு.

சட்டம் கேட்கும் கேள்விகள்

2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் இளைஞர் நீதிச் சட்டம், குடும்பமும் சுற்றமும் சிறாரை உருவாக்குகின்றன என்பதை ஏற்று எழுதப்பட்டது. பிடிபட்ட சிறாரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு பூட்டக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். பணியாளர்களில் ஒருவராவது பெண். சிறாரைக் குழுமத்தின் முன் முதலில் நிறுத்திய நாளிலிருந்து 15 நாட்களுக்குள் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும்.

அந்த அறிக்கையின் படிவம் படித்துப் பார்க்கத் தக்கது. வீட்டில் யார் யார், தாய் தகப்பன் உறவு எப்படி, குடும்பத்தில் யார் மீதாவது வழக்கு உண்டா, பள்ளியை விட்டிருந்தால் ஏன், பையன் அடியோ வேறு கொடுமையோ அனுபவித்தானா, நண்பர்கள் அவன் வயதினரா மூத்தவர்களா, அவர்களிடம் போதைப் பழக்கமோ குற்றப் பின்னணியோ உண்டா, அண்டை வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று அது வரிசையாகக் கேட்கிறது. குற்றத்தைப் பற்றிய கேள்விகளைவிட வீட்டையும் தெருவையும் பற்றிய கேள்விகளே அதில் அதிகம். குழுமம் இதைப் பார்த்தே அறிவுரை, ஆற்றுப்படுத்துதல், சமூகப் பணி, பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பு என்று முடிவு செய்கிறது. தேவைப்பட்டால் அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லத்துக்கு அனுப்பலாம். விசாரணைக் காலத்தில் தங்க நேரும் சிறுவர்களுக்கான கூர்நோக்கு இல்லம் அரியாங்குப்பத்தில் இருக்கிறது. 16 வயது நிரம்பியவர் கொடுங்குற்றம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டால் மட்டும், வயது வந்தவரைப் போல விசாரிக்கலாமா என்ற முதல்கட்ட மதிப்பீடு நடக்கும்.

‘அண்ணன்’களுக்கும் இந்தச் சட்டத்தில் இடம் உண்டு. சிறாரைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்க 83-ஆம் பிரிவு வழி செய்கிறது. மதுவோ போதைப்பொருளோ கொடுத்தாலும், அவற்றைச் சிறார் மூலம் விற்றாலும், கடத்தினாலும் 77, 78-ஆம் பிரிவுகளின்படி ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. பையன் பிடிபடும் ஒவ்வொரு வழக்கிலும், அவனை அனுப்பியது யார் என்ற கேள்விக்கும் சேர்த்து விடை காண வேண்டும்.

எது பலன் தருகிறது

பதின்ம வயதில் சட்டத்தை மீறுவோரில் பெரும்பாலோர் இருபதுகளில் தாமாகவே விலகிவிடுகிறார்கள். சிறுவயதில் தொடங்கி வாழ்நாளெல்லாம் தொடர்பவர்கள் ஒரு சிறு பகுதியினரே. உளவியலாளர் டெரி மாஃபிட் 1993-இல் முன்வைத்த இந்தப் பாகுபாடு பின்னர் பல நாடுகளில் உறுதியானது. எனவே முதல் தவற்றில் பையனைப் பள்ளியிலிருந்து நீக்குவதும், ரவுடி என்று முத்திரை குத்துவதும், தானாக அடங்கியிருக்கக்கூடிய ஒன்றை நிலைக்கச் செய்கின்றன. முகவரியைக் கேட்டதுமே ‘அந்த ஏரியாவா?’ என்று வேலை மறுப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

குடியிருப்பை மாற்றுவது மட்டும் போதாது. அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் 1994-இல் தொடங்கிய திட்டம் ஒன்று, ஏழைக் குடும்பங்களை வறுமை குறைந்த பகுதிகளுக்கு மாற்றியது. சிறு வயதில் இடம் மாறிய பிள்ளைகள் பின்னாளில் நன்றாகச் சம்பாதித்தார்கள். பதின்ம வயதுப் பையன்களிடமோ நினைத்த மாற்றம் வரவில்லை. பழக்கப்பட்ட பள்ளியும் நண்பர்களும் உறவும் ஒரே நாளில் அறுந்துபோனால் அந்த வயதில் இழப்பே அதிகம். சென்னையின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் 2000 முதல் கண்ணகி நகருக்குக் குடியேற்றப்பட்டபோது கண்ட சிக்கல்களும் இத்தகையவை. அதனால், புதுவைக் குமரகுருபள்ளத்தில் செய்ததுபோல் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவது மேல். கட்டிடத்தோடு விளையாட இடமும் படிக்க ஓர் அறையும் சேர வேண்டும்.

அதே கண்ணகி நகரிலிருந்துதான் 2025 ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் கார்த்திகா வந்தார். வடசென்னை வியாசர்பாடியில் கால்பந்து பல சிறுவர்களை மாலை நேரத்தில் மைதானத்தில் கட்டிவைத்திருக்கிறது. பந்து மட்டும் செய்யும் வேலை இல்லை இது. தினமும் அதே நேரத்துக்கு வரும் பயிற்சியாளர் ஒருவர், பையன் இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறவர், இதைச் செய்கிறார். புதுவையில் மதலேன் தெ பிளிக் 1962-இல் தொடங்கிய வொலோந்தாரியா போன்ற அமைப்புகள் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் மாலை நேரக் கவனிப்பும் சேர்த்துக் கொடுத்து வந்திருப்பதும் இந்த வழியில்தான்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு கேட்பவை அல்ல. அரசுப் பள்ளி வளாகங்களை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்கலாம். தொடர்ந்து வராத மாணவனின் வீட்டுக்கு ஆசிரியர் ஒருவர் போகலாம். குடிநோய்க்கு ஆளான தகப்பனுக்குச் சிகிச்சை தேடித் தருவதைப் பிள்ளையின் வழக்கோடு சேர்த்தே பார்க்கலாம். உள்ளாட்சித் தேர்தலை நடத்தி, தெருவுக்குப் பதில் சொல்லும் ஓர் உறுப்பினரைத் தரலாம். அக்கம்பக்கத்தாரும், பள்ளி நேரத்தில் தெருமுனையில் நிற்கும் பையனைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்ளாமல் ‘என்னப்பா, ஸ்கூல் இல்லையா?’ என்று கேட்க வேண்டும். அவனைப் பெரியவர் யாராவது தவறான வேலைக்கு இழுக்கிறார் என்று தெரிந்தால் 1098 என்ற இலவச எண்ணுக்குச் சொல்லலாம். யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும் அழைக்கலாம்.